பழைய இரும்பின் சரித்திரம்

யந்திரங்களின் சரித்திரம் பெரும்பாலும் முதலாளிகளின் பெயரால் எழுதப்படுகிறது. மோட்டார் கார் என்றதும் ஹென்றி போர்டை நினைக்கிறோம். ஆனால், தொழிற்சாலையை விட்டு வந்த கார் பலர் கைமாறிப் பழைய இரும்பான பின், உழைப்பாளியின் கையில் பெறும் இரண்டாம் பிறவியை எழுதியவர் எத்தனை பேர்?

போர்டின் ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி செய்யப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் புதிய கார் வாங்க வழியற்ற கலிபோர்னிய இளைஞர், அவ்வகைப் பழைய கார்களை அற்ப விலைக்கு வாங்கினர். மட்காட், பொனட், கூரை முதலியவற்றைக் கழற்றிப் பாரம் குறைத்தனர். சிலிண்டர் தலையைச் சீவி அமுக்கத்தை உயர்த்தினர். காபரேட்டர் ஒன்றிருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினர். 1932இல் வந்த போர்டின் 65 குதிரைவலு வி-8 எஞ்சினை, நொறுங்கிய கார்களிலிருந்து எடுத்துப் பழைய உடல்களில் ஏற்றினர். வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் அளந்தனர். 1937இல் அதற்கெனச் சங்கமும் அமைத்தனர். ‘ஹாட் ராட்’ என்ற வண்டி வளர்ந்தது இவ்வாறே. உலகப்போர் முடிந்தபின், போர் விமானத்தின் எரிபொருள் தொட்டியே ஓர் ஓட்டக்காருக்கு உடலாயிற்று! வறுமை வளர்த்த இக்கலை இன்று செல்வந்தரின் சேகரிப்புப் பொருளாகவும் விலைபோகிறது.

இலங்கையிலோ இவ்வித்தை வயிற்றுப்பாட்டோடு பிறந்தது. 1930களில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தோட்டப் பாதையில் கார்ப்பந்தயம் நடந்தது. தோட்டப் பாதைகளை வெட்டிய நம் மூதாதையரோ அவற்றில் கொழுந்து சுமந்து நடந்தனர். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை புதிய காரும் உதிரிப்பாகமும் அரிதாயின. அக்காலத்தில் மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் ஓட வைத்தவர்கள் கராஜ் தொழிலாளரே. கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்தனர். வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்தினர். 1990களில், மொரிஸ் மைனருக்கான பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே சென்றன. ஆண்டவன் நாட்டுக்கு அடிமைப்பட்டிருந்த நாடு பாகம் செய்து கொடுத்தது!

தெரணியகலையில் நாம் கற்பிக்கும் மாணவர் பலர், கொழுந்து பறிப்போரின், இறப்பர் பால் வெட்டுவோரின் பிள்ளைகள். பரீட்சையில் தவறியவன் கராஜுக்குப் போகட்டும் என்கிறது சமூகம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அவ்வாண்டுகளிலும் நாட்டின் சில்லுகள் சுழன்றது இத்தகையோர் கைகளால் அன்றோ?

எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் சிறுவன், எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்கிறான். அதன் பௌதிகத்தை அவனுக்குக் கற்பிக்க வேண்டும். அவன் திறமைக்குச் சான்றிதழும் நியாயமான கூலியும் கேட்க வேண்டும். பாடநூலில் போர்டின் பெயருக்குப் பக்கத்தில் அவன் தொழிலின் கதையும் இடம்பெறட்டும்.