மாடப்புறா: குடியிருப்புகளில் உடனுறைவும் கட்டுப்பாடும்

மாடப்புறா என்பது கொலம்பா லிவியா என்னும் அறிவியற்பெயர் கொண்ட, சாம்பல்நீல உடலும் இறக்கையில் இரு கறுப்புப் பட்டைகளும் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும் கழுத்தும் உடைய பறவையாகும். இதன் காட்டு இனம் தென் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா ஆகிய பகுதிகளின் பாறை விளிம்புகளிலும் குகைகளிலும் கூடு கட்டி வாழ்ந்தது. இறைச்சிக்காகவும் செய்தி அனுப்புவதற்காகவும் மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்த புறாக்களிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவையே நகரங்களில் இன்று காணப்படுபவற்றுள் பெரும்பாலானவை. மரக்கிளையைப் பெரிதும் நாடாத இப்பறவை, கோபுரப் பொந்து, சன்ஷேடு, குளிர்சாதனக் கருவியின் வெளிப்பெட்டி, பால்கனி மூலை எனப் பாறை விளிம்பை ஒத்த இடங்களையே தேர்கிறது. தமிழ்நாட்டில் மனிதரோடு இப்பறவைக்குள்ள உறவு மிகத் தொன்மையானது. கூதிர்கால மழையில் மன்றத்துக்கு இரைதேடச் செல்ல இயலாமல் வீட்டுக் கூரையோரத்தில் ஒடுங்கியிருக்கும் புறாக்களைச் சங்க நூலான நெடுநல்வாடை பதிவு செய்துள்ளது.

பெண்புறா ஓர் ஈட்டில் இரண்டு முட்டைகள் இட, ஆணும் பெண்ணும் மாறிமாறி ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கின்றன. பொரித்த குஞ்சுகளுக்கு, பெற்றோர் இரண்டின் தொண்டைப்பையிலும் சுரக்கும் புறாப்பால் என்னும் கொழுப்பும் புரதமும் மிக்க கூழே முதல் உணவாகும். புழுபூச்சி மிகும் பருவத்துக்காகப் பிற பறவைகளைப் போலக் காத்திருக்க வேண்டாமையால், தானியம் கிடைக்கும் வரை இவை ஆண்டு முழுவதும் இனம்பெருக்க வல்லவை. பல சிறு பறவைகள் குஞ்சின் எச்சத்தைக் கவ்விச் சென்று அப்புறப்படுத்துவதுண்டு. வளரும் புறாக்குஞ்சுகளின் எச்சமோ கூட்டிலேயே தங்கி இறுகிவிடுகிறது.

உலர்ந்த எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும், எச்சத்தூளையும் இறகுத்துகளையும் நெடுங்காலம் சுவாசிப்பதால் உண்டாகும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியும் கவலைக்குரியவை. நலமுள்ளவர் தெருவில் புறாக்களைக் கடந்து செல்வதால் அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்றாலும், நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் வாழும் வீட்டில் சன்னலோரக் கூட்டை அசட்டை செய்தல் தகாது. எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூள் காற்றில் கலக்கும். ஆதலால் நீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து சுரண்டி எடுப்பதே முறை.

கொன்று குறைக்கும் வழி பயன் தராது என்பதற்கு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் சிறந்த சான்றாகும். அங்கு 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்கள் கொல்லப்பட்டும், எஞ்சியவை விரைந்து பெருகியதால் தொகை குறையவில்லை. 1988இல் தொடங்கிய இயக்கம், தீனியிடுவதைக் கைவிடுமாறு மக்களிடம் எடுத்துரைத்ததன் பயனாகச் சில ஆண்டுகளிலேயே தொகை பாதியளவுக்குக் குறைந்தது. வெனிஸ் நகரம் 2008இல் புனித மார்க் சதுக்கத்தில் தீனி விற்பனைக்குத் தடை விதித்தது. மும்பையில் 2025இல் கபூதர்கானா எனப்படும் தீனியிடங்கள் மூடப்பட்டபோது, பறவைக்குத் தானியம் இடுதலை அறமாகக் கருதும் சமணர் உள்ளிட்டோர் எதிர்த்தனர். அவர்தம் இரக்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும் மிகுதீனியால் பெருகும் கூட்டத்தில் நெரிசலும் நோயும் குஞ்சுகளையே முதலில் மாய்க்கின்றன என்பதை அறம் பேணுவோர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

வீட்டளவில் உறுதியான தடுப்பு, பால்கனியை முழுதும் மூடும் நைலான் வலையாகும். தளர்ந்து தொங்கும் வலையில் சிக்கிப் பறவைகள் துன்புற்று இறப்பதால், அது நாற்புறமும் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுதல் இன்றியமையாதது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை வலையிட்டு அடைத்தால் பெற்றோர் வெளியே நிற்க, குஞ்சுகள் உள்ளே பட்டினியால் மடியும். பொரித்த குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால் அதுவரை பொறுத்தல் கடமையாகும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் வெளியேறும் முன்னரே பெண்புறா அருகில் அடுத்த முட்டைகளை இட்டுவிடுவதும் உண்டு. ஆகவே காத்திருக்கும் நாள்களில் கூடுள்ள மூலை நீங்கலாக மற்ற இடுக்குகளை அடைத்துவைப்பது நன்று.