வசந்தவல்லியின் ஊரில் வசந்த பஞ்சமி ஏன் இல்லை?

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி நடுவிலோ ஒரு நாள் ஆபீஸ் வாட்ஸப் குரூப் முழுக்க மஞ்சள் உடைப் படங்களாக வந்து விழும். அன்றைக்கு வசந்த பஞ்சமி. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் அதுதான் சரஸ்வதி பூஜை. நமக்கு அது அக்டோபர் வாக்கில் வரும் என்று சொன்னபோது கொல்கத்தா நண்பர் ஒருவர் கேட்டார்: "ஒரே சாமிக்கு எதுக்கு ரெண்டு தேதி?" நல்ல கேள்வி. தென்காசி, குற்றாலம் பக்கத்து வயலையும் கோயிலையும் பழைய பாடப்புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓரளவுக்குப் பதில் கிடைக்கிறது.

முதலில் பஞ்சாங்கம். வசந்த பஞ்சமி என்பது மாக மாத வளர்பிறை ஐந்தாம் நாள். 2024-ல் பிப்ரவரி 14 அன்று வந்தது, அதாவது மாசி 2. 2026-ல் ஜனவரி 23, தை 9. நம் கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் என்பது சித்திரை, வைகாசி. ஆக, பெயரில் வசந்தம் இருந்தாலும் அந்த நாள் நமக்குப் பனிக்காலத்தில்தான் விழுகிறது. வடமொழிக் கணக்கிலும் வசந்த ருது சைத்ரம், வைசாகம்தான். அது வசந்தம் வந்த நாள் இல்லை, வரப்போகிறது என்று சொல்லும் நாள். வடக்கே அப்போது கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மஞ்சள் உடைக்கும் அதற்கும் உள்ள தொடர்பைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, அந்த நாள் எப்போதுமே சரஸ்வதிக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. அதன் இன்னொரு பெயர் ஸ்ரீ பஞ்சமி. 'ஸ்ரீ' என்றால் லட்சுமி. காமனையும் ரதியையும் அன்று வழிபடும் மரபும் உண்டு. கிருஷ்ணர் ஊரான விரஜ பூமியில் ஹோலிக்கான வண்ணப்பொடியை அன்றுதான் முதலில் கையில் எடுப்பார்கள். ஹர்ஷரின் ரத்னாவளி நாடகம் (7-ஆம் நூற்றாண்டு) தொடங்குவதே மதனனின் வசந்த விழாவில்தான். வடக்கே காதலும் கல்வியும் ஒரே நாளில் வந்து சேர்ந்துகொண்டன.

நம்மூரில் இவை இரண்டும் பிரிந்தே இருக்கின்றன. தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446-ல் கட்டத் தொடங்கினான். மண்டபத் தூண்களில் வீரபத்திரர், காளி இவர்களோடு மன்மதனும் ரதியும் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி குற்றாலம். திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் நாயகி பெயரே வசந்தவல்லி. குற்றாலநாதர் பவனி வருவதைப் பார்த்துக் காதலில் விழுகிறவள். குற்றாலநாதர் கோயிலின் இளவேனில் விழா சித்திரை விசு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் மாசி அமாவாசைக்குப் பிறகு காமன் பண்டிகை நடக்கிறது. ஆக வசந்தம் இங்கே முழுக்கக் காமன் வீட்டுச் சொத்து. அதில் ஏடும் எழுத்தாணியும் வரவில்லை.

அப்படியானால் கல்வி ஏன் புரட்டாசிக்குப் போனது? இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று அரசியல். நவராத்திரியின் ஒன்பதாம் நாளான மகாநவமி விஜயநகரப் பேரரசின் மிகப்பெரிய அரசு விழா. 1520 வாக்கில் அங்கே வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், யானை, குதிரை, படை என்று அந்த ஒன்பது நாட்களை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மழை ஓய்ந்து படை கிளம்பும் பருவம் அது, ஆயுதத்துக்குப் பூஜை போடும் நேரம். விஜயநகரம் விழுந்த பிறகு மைசூர் உடையார்களும் ராமநாதபுரம் சேதுபதிகளும் அந்த விழாவைத் தங்கள் அரண்மனைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையில் வாளை வைத்து வணங்கினால், தச்சர் உளியை வைப்பார், எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏட்டை வைப்பார். அதனால்தான் நமக்குச் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாள்.

இரண்டாவது வயல். நெல்லைச் சீமையில் இரண்டு போகம்: கார், பிசானம். குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வரும் ஆனி வாக்கில் தொடங்கும் கார் சாகுபடி புரட்டாசி வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம் விதைப்பது அதன் பிறகு. நடுவில் ஒரு சின்ன இடைவெளி. கலப்பை ஓய்வெடுக்கும், கையில் கொஞ்சம் நெல் இருக்கும், வாத்தியாருக்குக் காணிக்கை கொடுக்க முடியும். வசந்த பஞ்சமி வரும் தை, மாசியிலோ பிசானப் பயிர் வயலில் நிற்கும், அறுவடை நெருங்கும். வடக்கே அப்படி இல்லை. அங்கே கோதுமை அறுவடைக்கு ஏப்ரல் ஆகிவிடும். எனவே பிப்ரவரியில் ஊருக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. பண்டிகைத் தேதியைப் புராணம் மட்டும் முடிவு செய்வதில்லை, களத்துமேடும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

தேதி வேறானாலும் சடங்கு ஏறக்குறைய ஒன்றுதான். வங்காளத்தில் வசந்த பஞ்சமி அன்று புத்தகங்களைத் தேவி முன் வைத்துவிட்டுப் படிக்காமல் இருப்பார்கள், சின்னக் குழந்தைக்குக் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். நாம் நவமியில் புத்தகத்தை அடுக்கி வைத்து, விஜயதசமியில் எடுத்துப் படித்து, குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். காசி இந்துப் பல்கலைக்கழகம் தன் நிறுவன நாளை ஆண்டுதோறும் வசந்த பஞ்சமியில் கொண்டாடுகிறது. நம் பள்ளிகள் விஜயதசமி அன்று புதுச் சேர்க்கை போடுகின்றன. நாம் புரட்டாசியில் பாடும் சகலகலாவல்லி மாலை, தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் காசிக்குப் போய்ப் பாடியது என்பது மரபு. சடங்கு இரண்டு பக்கமும் பயணம் செய்திருக்கிறது.

ஆனால் தென்காசியிலிருந்து கல்விக்குக் கிடைத்த பெரிய கொடை சடங்கு இல்லை, ஒரு சின்னப் புத்தகம். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே ஆண்ட அதிவீரராம பாண்டியன் நைடதம், காசி காண்டம் என்று பெரிய காவியங்கள் எழுதினான். கூடவே வெற்றிவேற்கை என்ற சிறு நீதிநூலும் எழுதினான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் வரிசையில் அது திண்ணைப் பள்ளிப் பாடமாகி, மணலில் விரலால் எழுதிப் பழகிய பையன்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். எழுத்தைச் சொல்லிக்கொடுத்த மனிதனையே அது கடவுள் இடத்தில் வைக்கிறது. பிச்சை எடுக்க நேர்ந்தாலும் படி என்கிறது. எந்தக் குடியில் பிறந்தவராக இருந்தாலும் படித்தவருக்கு மேலிடம் உண்டு என்றும் சொல்கிறது. சொன்னவன் ஒரு ராஜா.

நடந்தது என்ன? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் வந்த தொகுப்பின்படி மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர் கூடத் தேறவில்லை. வீட்டில் படித்தவர்கள் இதில் சேரமாட்டார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும், ஒரு பெண் தெய்வத்தின் முன்னால் ஏட்டை அடுக்கி வைத்த சமூகம், வீட்டுப் பெண்ணின் கையில் அந்த ஏட்டைக் கொடுக்கவில்லை. திண்ணையே மிதிக்க முடியாத சாதிப் பிள்ளைகளுக்கு, எந்தக் குடியானாலும் என்ற அந்த வரி காதில் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை.

அதனால் வசந்தமா, புரட்டாசியா என்ற கேள்விக்குக் கடுகு, கார், பிசானம் என்று பதில் சொல்லிவிடலாம். யாருடைய விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள் என்பது அதைவிடக் கனமான கேள்வி. அதற்கான ஆதாரம் நம் வீடுகளில்தான் இருக்கிறது. அடுத்த விஜயதசமிக்கு ஊருக்குப் போனால் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்: தாத்தாவுக்கு ஏடு தொடங்கியது எந்த வயசில், பாட்டிக்குத் தொடங்கினார்களா, இல்லையென்றால் உங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படித்த பெண் யார்? பதிலை ஆண்டோடு குறித்து வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.