பேர் பதிந்த ஏடு

மலையகத் தோட்டங்களிலே ஒரு சொல் வழக்கு உண்டு. ஒருநாள் வேலைக்குரிய கூலி செக்றோலில் பதியப்படுவதைப் ‘பேர் போடுதல்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேரவில்லையாயின் அரைப்பேர். நாட்கூலிக்கே ‘பேர்’ என்ற பெயர் வந்துவிட்டது. ஒரு மனிதன் நாள் முழுதும் மலை ஏறி இறங்கிய பின்னரும், கணக்கப்பிள்ளையின் பேனா சம்மதித்தால்தான் அவன் முழு மனிதன்! இலங்கைத் தொழிற் சட்டங்களின் வரலாற்றுள் புகுவதற்கு இச்சொல்லைவிடச் சிறந்த வாயில் எமக்குத் தெரியவில்லை. ஏட்டை எழுதுபவர் யார், எழுதியதற்கு யாரிடம் பதில் சொல்கிறார் என்பதே அவ்வரலாற்றின் உட்பொருள்.

தொடக்கத்தில் எழுத்து தொழிலாளியைக் கட்டும் கயிறாகவே இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளி குற்றவாளி. அவனுக்கு மூன்று மாதம் வரை சிறை காத்திருந்தது. ஓர் ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்பது வணிகருலக வழக்கம். கூலியாள் மீறினால் மட்டும் அது சிறைக்குரிய குற்றமாயிற்று. இதற்குத் துணைநின்றது ‘துண்டு’. தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவும் முற்பணமும் தொழிலாளியின் தலையிலே கடனாக ஏறும். இக்கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசியே துண்டு. கங்காணி அதனைக் கொண்டு வேறு தோட்டம் தேடுவான்; புதிய துரை கடனைக் கட்டுவான்; ஆட்கள் கைமாறுவர். கடனோ கைமாறுந்தோறும் வளர்ந்தது. இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இலேதான்.

ஏடு எசமானையும் கட்டவேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லவே தலைகாட்டிற்று. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மாதக் கூலியை மாதம் முடிந்து அறுபது நாட்களுள் கொடுக்கும்படி கூறியது. இரண்டு மாதம் கடன் சொல்லி வேலை வாங்கலாம் என்பதையே சீர்திருத்தம் என்று கொண்டாடிய காலம் அது! 1927ஆம் ஆண்டின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்தப் பதினொரு சதத்துக்கு நியாயம் கூறியவர் எவருமிலர். தோட்டங்களில் ஆண் பெண் கூலி சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவை யாரும் விரும்பி ஈந்த கொடைகள் அல்ல. 1940 சனவரியில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் இரையானார். மறு ஆண்டு சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தொழில்தருநர் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து கூலியை நிர்ணயிக்க வழி ஏற்பட்டது. சம்பளப் பதிவேடு வைத்தல் தொழில்தருநரின் கடமையாயிற்று. அதனைப் பார்வையிடும் உரிமை தொழில் திணைக்கள உத்தியோகத்தருக்குக் கிட்டியது.

நகரத்து எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் தம்மைத் தோட்டத்தாரினின்றும் வேறானவராய் எண்ணியிருந்தனர். அவர்களுக்கும் சட்டம் தேவைப்பட்டது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேர வேலையை வரையறுத்ததோடு, வேலை நிபந்தனைகளை எழுத்திலே கொடுக்கவும் பணித்தது. இன்று நியமனக் கடிதத்தை வரையும் மனிதவள முகாமையாளர் அந்தக் கணக்கப்பிள்ளையின் வழித்தோன்றலே என்றால் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் பேர் போடும் பேனா இன்று அவர் கையில்தான் இருக்கிறது. 1958இல் உருவான ஊழியர் சேமலாப நிதிக்குச் சேரவேண்டிய பங்கு உண்மைச் சம்பளத்தின் மீதா, குறைத்து எழுதிய சம்பளத்தின் மீதா கணிக்கப்படுகிறது என்பதை முதலில் அறிபவரும் அவரே.

1957இன் திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் அமைந்தன. வேலை நீக்கப்பட்ட தனியொருவனும் அங்கு முறையிடலாம்; நியாயமும் ஒப்புரவும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதாயின் அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணமாயின், இரண்டாவது வேலை நாள் முடியுமுன் அதனை எழுதிக் கொடுத்தல் வேண்டும். 1865இல் சொல்லாமற் போன தொழிலாளிக்குச் சிறை. 1971இல் காரணம் சொல்லாமல் அனுப்பும் எசமான் சட்டத்தை மீறியவன். நூறாண்டிலே எழுத்தின் முகம் இவ்வாறு திரும்பிற்று.

முழுவதும் திரும்பிற்று என்று நாம் சொல்லமாட்டோம். ஆறு மாதச் சராசரியில் 15 பேருக்குக் குறைவாக வைத்திருப்போரை 1971இன் சட்டம் தீண்டுவதில்லை. 180 நாள் வேலை செய்யாதவரையும் அது காப்பதில்லை. 1983இன் பணிக்கொடைச் சட்டத்திலும் அதே 15 என்ற எல்லை உண்டு. சிறு முதலாளியின் சுமையை எண்ணி வைத்த எல்லைதான். ஆனால் பதினான்கோடு நின்றுவிடும் பதிவேடுகளை நாம் கண்டிருக்கிறோம். அதே கூரையின் கீழ், அதே மேற்பார்வையாளரின் சொற்கேட்டு வேலை செய்யும் பதினைந்தாவது ஆளின் பேர், ஆள் வழங்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஏட்டிலே கிடக்கிறது.