அலறல் நின்றது!

தொண்டையில் விரலை வைத்து 'ம்ம்ம்...' என்று ஒருமுறை முனகிப் பாருங்கள். குறுகுறுவென்று அதிர்கிறதா? அதுதான் குரல்வளை. அதற்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? 'இதென்ன கேள்வி, மூளையிலிருந்துதான்!' என்பீர்கள். இரண்டாம் நூற்றாண்டு ரோமில் இதைச் சொல்லியிருந்தால் பல அறிஞர்கள் சண்டைக்கே வந்திருப்பார்கள்!

சிந்தனை இதயத்தில் பிறக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். ஸ்டோயிக் தத்துவவாதிகளும் அதே கட்சி. 'பேச்சு சிந்தனையிலிருந்து வருகிறது. குரலோ நெஞ்சிலிருந்து வருகிறது. ஆகவே சிந்தனையும் நெஞ்சில்தான்' என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

இதை உடைக்கக் கிளம்பினார் கேலன். பெர்கமம் நகரில் (இன்றைய துருக்கி) கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, கி.பி.162-ல் ரோம் வந்த கிரேக்க டாக்டர். தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. முன்னாள் கான்சல் போயதஸ் ஏற்பாட்டில் பெரிய மனிதர்கள் கூடினார்கள். பன்றிகளும் ஆட்டுக்குட்டிகளும் தயார். நன்றாக அலறும் பிராணிதான் இதற்கு வேண்டும் என்பது கேலனின் கணக்கு!

கத்தியை எடுக்கும் முன்பே டமாஸ்கஸ் அலெக்ஸாண்டர் என்ற தத்துவவாதி குறுக்கிட்டார். 'கண்ணால் காண்பதை நம்பலாம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமா?' அவ்வளவுதான், கேலன் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்! பிறகு சமாதானமாகி, இன்னொரு நாள் செய்து காட்டினார். மயக்க மருந்தெல்லாம் இல்லாத காலம். உயிரோடு கட்டிப்போட்ட விலங்கின் கழுத்தைத் திறந்து, முடி போன்ற இரு நரம்புகளை நூலால் இறுக்கினார். அலறல் சட்டென்று நின்றது. நூலைத் தளர்த்தியதும் மறுபடி அலறல்! கொடூரம்தான். ஆனால், குரலுக்கு எஜமான் மூளை என்பது அங்கே நிரூபணமானது.

மனிதர்களிடமும் கேலன் இதைப் பார்த்திருக்கிறார். கழுத்துக் கட்டியை அகற்றிய ஒரு வைத்தியர், தெரியாமல் இந்த நரம்புகளைச் சேதப்படுத்தியதில் ஒரு சிறுவன் ஊமையானான். இன்றும் தைராய்டு ஆபரேஷனில் சர்ஜன்கள் பயந்து பயந்து கையாளும் நரம்புகள் இவையே. குரல்நாண்களை விரிக்கும் தசை, சேர்க்கும் தசைகள் எல்லாம் இவற்றின் கட்டுப்பாட்டில். ஸ்வரத்தை ஏற்ற, நாணை இழுத்து முறுக்கும் தசைக்கு மட்டும் தனி நரம்பு. இரண்டு பக்கமும் அறுந்தால் பேச்சு மட்டுமல்ல, மூச்சே திணறும்.

விசித்திரம் என்னவென்றால், மூளையிலிருந்து வரும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை! இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. 'கப்பியில் கயிறு மாதிரி... படைத்தவனின் சாமர்த்தியம்!' என்று வியந்தார் கேலன். உண்மையில் இது மீன் காலத்து ஏற்பாடு. கழுத்து நீண்டு, இதயம் கீழே இறங்கியபோது, தமனியில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கு இது நாலு மீட்டருக்கும் மேல்!

ஸ்டோயிக்குகள் பாவம், குரலின் ஒயர் நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது என்பதுவரை சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்! 1897-ல் வியன்னா டாக்டர் நார்பர்ட் ஆர்ட்னர், குரல் கம்மிய சில நோயாளிகளைப் பரிசோதித்தபோது கோளாறு இருந்தது இதயத்தில். வால்வு சுருங்கி இதயம் பெருத்ததில் இடது நரம்பு நசுங்கியிருந்தது. காரணமில்லாமல் ஒரு குரல்நாண் அசையாமல் நின்றுவிட்டால், டாக்டர் தொண்டையோடு விடாமல் நெஞ்சையும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான்.