அயற்கணினியில் அப்பிள் முறைமை: இசைப்பதிவு வரலாற்றில் ஓரியல்

இசைக்கருவியொன்றை விலைகொடுத்து வாங்கியவன் அதனைத் தான் விரும்பியவாறு இசைத்தற்கு உரியவன் என்பதைப் பழங்காலத்தில் எவரும் ஐயுற்றிலர். வயலினைச் செய்த தச்சன் மறைந்த பின்னரும் வயலின் ஒலிக்கும். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் கணினியே இசைக்கருவியும் பதிவுக்கூடமும் ஆகியபொழுது இந்நிலை மாறலாயிற்று. கணினி என்னும் வன்பொருள், அதனை ஆளும் பணிசெயல் முறைமை, அம்முறைமையின்மேல் இயங்கும் இசை மென்பொருள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன. இம்மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையிற் சென்றடையுமாயின், கருவியின் ஆயுளை வரையறுப்பவர் யாவர்? ஹக்கின்ரோஷ் இயக்கத்தின் வரலாறு இவ்வினாவையே எழுப்புகின்றது. அப்பிள் நிறுவனம் தன் மக்கின்ரோஷ் கணினிகளுக்கென ஆக்கிய பணிசெயல் முறைமையை, அந்நிறுவனம் ஏற்றுக்கொள்ளாத பிற கணினிகளில் இயங்கச்செய்தலையே அப்பெயர் குறிக்கும்.

ஜேர்மனியில் ஹம்பேர்க் நகருக்கு அண்மையில் அமைந்திருந்த ஈமஜிக் நிறுவனம் லொஜிக் என்னும் இசையாக்க மென்பொருளை உருவாக்கிற்று. அது விண்டோஸ் முறைமையிலும் மக்கின்ரோஷிலும் ஒருங்கே வழங்கிவந்தது. 2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பிள் நிறுவனம் ஈமஜிக்கை விலைக்கு வாங்கிற்று; அவ்வாண்டிலேயே விண்டோஸுக்குரிய பதிப்பு நிறுத்தப்பட்டது. பல்லாண்டு பயின்று லொஜிக்கிற் கைதேர்ந்திருந்த விண்டோஸ் பயனாளருக்கு இரு வழிகளே எஞ்சின: புதிய மென்பொருளொன்றை முதலிலிருந்து கற்றல், அல்லது புதிய கணினியொன்றை வாங்குதல். இவ்விரண்டிற்கும் புறம்பான மூன்றாவது வழி அக்காலத்தில் இருந்திலது. அந்நாளைய மக்கின்ரோஷ் கணினிகள் பவர்பீசி என்னும் வேறினத்து முறைவழியாக்கியைக் கொண்டிருந்தமையே அதற்குக் காரணம்.

அம்மூன்றாவது வழியைத் தன்னையறியாமலே திறந்துவிட்டது அப்பிள் நிறுவனந்தான். இன்ரெல் முறைவழியாக்கிக்கு மாறவிருப்பதாக 2005ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது அறிவித்தது. 2006ஆம் ஆண்டு சனவரியில் அவ்வகைக் கணினிகள் விற்பனைக்கு வந்தன. அன்றுமுதல் மக்கின்ரோஷுக்கும் சாதாரண கணினிக்கும் இடையே மூளை ஒன்றாயிற்று. பூட்டு மட்டுமே வேறாயிற்று. அப்பிள் கணினியிலிருந்த சில்லொன்றில் இரகசியத் திறவுச்சொல் வைக்கப்பட்டிருந்தது. அஃதின்றேல் முறைமையின் இன்றியமையாத சில பகுதிகள் இயங்கமாட்டா. ஆர்வலர் பலர் கூடி, அச்சில்லு உளதென முறைமையை நம்பச்செய்யும் துணைநிரல்களையும், கமீலியன், குளோவர், ஓப்பன்கோர் முதலிய துவக்கி நிரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கினர். ஊர்கூடித் தேரிழுத்தாற்போன்ற முயற்சி அது.

இம்முயற்சியில் இசையாளர் ஈடுபட்டமைக்குச் சிறப்பான காரணங்கள் உள. இசைப்பதிவிற் காலமே முதன்மையானது. ஒலி, செக்கனுக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகின்றது. 128 மாதிரிகளை ஒரு தொகுதியாகக் கணினி கையாளுமிடத்து, அத்தொகுதியொன்றால் நேரும் தாமதம் ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன் ஆகும். இதனினும் பன்மடங்கு தாமதம் நேருமாயின், விசையை அழுத்தும் விரலுக்கும் ஒலியைக் கேட்கும் செவிக்கும் இடையே பிளவு தோன்றும். இத்தாமதத்தைக் குறைக்கும் கோர் ஓடியோ என்னும் ஒலியமைப்பு அப்பிள் முறைமையினுள்ளேயே அமைந்திருந்தது. மேலும், லொஜிக்கின் விலை 2011ஆம் ஆண்டு இறுதியில் 199.99 டொலராகக் குறைந்தது. ஆயினும், 2013ஆம் ஆண்டின் மக் புரோ கணினியில் ஒலிப்பதிவு அட்டைகளைச் செருகுதற்குரிய உள்ளிடங்கள் இல்லை. அவ்விடங்களுடன் 2019இல் வெளிவந்த மக் புரோவின் தொடக்க விலையோ 5,999 டொலர். மென்பொருள் எளிதிற் கிட்ட, அதற்கேற்ற கணினி எட்டாக்கனியாயிற்று.

எனினும், அயற்கணினியைப் பணிக்கு ஏற்றதாக்கல் எளிதன்று. தாய்ப்பலகை, வரைவியல் அட்டை, வலையமைப்புச் சில்லு ஆகியன அப்பிள் முறைமை அறிந்த இனத்தனவாக இருத்தல் வேண்டும். முறைமையின் புதிய பதிப்பொன்று வெளிவருந்தோறும், நேற்றுவரை இயங்கிய கணினி இன்று துவங்காது நிற்றலும் உண்டு. ஆகவே, தேர்ந்தோர் எடுத்த இசைப்பணி முடியுங்காறும் முறைமையைப் புதுப்பியாது, அதன் முழுப்படியொன்றை வேறு வட்டிற் காத்துவைத்தனர்.

சட்டமும் இதில் தலையிட்டது. அப்பிளின் உரிம ஒப்பந்தம், முறைமையை அப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவ இடந்தந்தது. தன் மென்பொருளாக்கச் செலவைக் கணினி விற்பனையால் ஈடுசெய்யும் நிறுவனத்துக்கு இவ்வரையறை பொருளற்றதன்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துச் சைஸ்ரார் நிறுவனம், இம்முறைமை நிறுவிய கணினிகளை 2008இல் விற்கத் தொடங்கிற்று. அப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் பதிப்புரிமை மீறப்பட்டதெனத் தீர்த்தது. 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. வணிகம் நின்றது, ஆயினும், தத்தம் வீட்டில் தாமே கணினியமைத்தோர் முயற்சி நின்றிலது.

நீதிமன்றத்தால் முடியாததை முறைவழியாக்கி முடித்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் அப்பிள் தானே வடிவமைத்த எம்1 சில்லுடன் கணினிகளை வெளியிட்டது. 2024இல் வந்த லொஜிக் புரோ 11இல், கலந்த இசையிலிருந்து குரலையும் கருவிகளையும் பிரித்தெடுக்கும் வசதி அப்பிள் சில்லுக்கே உரியதாயிற்று. 2025இல் வெளிவந்த மக் ஓ.எஸ். 26 பதிப்பே இன்ரெல் கணினிகளுக்கு இறுதியானதென அந்நிறுவனம் அறிவித்தது. இரண்டினையும் இணைத்த பொதுமூளை விலகவே, அவ்வழியும் அடைபடலாயிற்று.

இதற்கு மாறான வழியொன்றும் வளர்ந்துவந்துள்ளது. 1991இல் தோன்றிய லினக்ஸ், எவரும் எக்கணினியிலும் நிறுவுதற்கு உரிமை தருவது. ஒலிகளை ஒரு நிரலினின்று மற்றொன்றுக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்லும் ஜாக், பலதடப் பதிவுக்குரிய ஆர்டர் என்பன அதன்மேல் எழுந்தன. குறித்த கணத்திற் குறித்த பணியை முடிக்கும் நிகழ்நேர ஆற்றல், ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பின் பின், 2024இல் அதன் கருவிலேயே சேர்க்கப்பட்டது. லொஜிக் அங்கு இயங்காது என்பது குறையே. ஆயினும் உரிமத்தின் பெயரால் அவ்வழியை அடைப்பார் இலர்.

ஹக்கின்ரோஷின் வரலாறு உணர்த்துவது யாதெனின், பிறர் இசைவால் இயங்கும் கருவியின் ஆயுள் அவ்விசைவின் ஆயுளேயாகும் என்பதே. திறமை அவ்வாயுளைச் சிறிது நீட்டலாம். நிலைபெறச் செய்தல் அரிது. எனவே, கணினியில் இசையாக்குவோர் தம் ஆக்கங்களை ஒரு மென்பொருளுக்கே உரிய கோப்பில் மட்டும் வைத்திராது, எந்த முறைமையும் படிக்கவல்ல பொது ஒலிக்கோப்பாகவும், 1983 முதல் வழங்கிவரும் மிடி நியமத்தமைந்த கோப்பாகவும் காத்தல் கடன். கருவி மாறும், முறைமை மாறும்; இசை அவற்றோடு மாளவேண்டுவதில்லை.