வில்லங்கச் சான்றிதழ்

வில்லங்கச் சான்றிதழ் என்பது, ஓர் அசையாச் சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடைமானம், தானம், பாகப்பிரிவினை முதலிய ஆவணங்களின் விவரங்களைத் தொகுத்துப் பதிவுத்துறை வழங்கும் சான்றாகும். வீட்டுமனையில் முதன்முறையாக முதலீடு செய்வோர் தாய்ப்பத்திரத்தோடு (சொத்தின் முந்தைய உரிமை ஆவணத்தோடு) ஒப்புநோக்க வேண்டிய முதன்மை ஆவணம் இதுவே. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இச்சான்று, தமிழ்நாட்டில் பதிவுகள் இருப்பின் படிவம் 15இலும் இல்லையெனில் படிவம் 16இலும் தரப்படுகிறது. கடந்த 30 ஆண்டுகளுக்கு இச்சான்றைக் கேட்டுப் பெறுவது வழக்கம். எனினும் வில்லங்கமின்மை உரிமைக்கு முழு உறுதியன்று. ஏனெனில் கட்டாயப் பதிவுக்கு உட்படாத உயில், பதிவுசெய்யப்படாத குறுகியகால வாடகை ஒப்பந்தம், வரிப்பாக்கி ஆகியன பெரும்பாலும் இதில் இடம்பெறா. வருவாய்த்துறை வழங்கும் நில ஆவணமான பட்டா இச்சான்றினின்று வேறானது. சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருப்பின், பழைய அலுவலகப் பதிவுகளையும் தேடுதல் வேண்டும்.