நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். காலை ஏழரை மணி. பட்டுப்புடவைக் கடைகள் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. கோயில்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. இப்போதைக்கு வயிறுதான் பிரச்னை. தன் பெயரில் ஒரு இட்லியையே வைத்திருக்கிற ஊர் இது. வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போனால் வீட்டில் திட்டுவார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்கிறீர்கள்.

"அண்ணே, காஞ்சிபுரம் இட்லி எங்க நல்லா இருக்கும்?"

அவர் உங்களை மேலும் கீழும் ஒரு தரம் பார்ப்பார். பிறகு, "சைவமா, அசைவமா சார்?" என்பார்.

இட்லிக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று உங்களுக்குத் தோன்றலாம். இருக்கட்டும், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும். வழியில் போகிறவன் இன்னொருத்தனிடம், "காஞ்சிக்குப் போறேன், எங்க என்ன சாப்பிடலாம்?" என்று கேட்கும் வழக்கம் நேற்று வந்ததல்ல. அதற்குத் தமிழில் ஒரு இலக்கிய வகையே உண்டு. ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. வழிப்படுத்துவது ஆற்றுப்படை.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஞாபகம் வருகிறதா? பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் மட்டும் ஐந்து. ஒரு வள்ளலிடம் போய்ப் பரிசு வாங்கித் திரும்புகிற பாணனோ கூத்தனோ, எதிரே பசியோடு வருகிற தன் இனத்தானைப் பார்த்து, "நீயும் அங்கே போ" என்று வழிசொல்வதுதான் அமைப்பு. அவற்றில் ஒன்று நேராகக் காஞ்சிபுரத்துக்கே வழி சொல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. மொத்தம் 500 அடி. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்.

பரீட்சைக்குப் படிக்கும்போது நாம் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. பாட்டின் பெரும்பகுதி ராஜாவைப் பற்றியது அல்ல. வழியைப் பற்றியது. வழி என்றால் பெரும்பாலும் சாப்பாடு!

எதிரே வருகிற பாணன் எப்படி இருக்கிறான் தெரியுமா? கடும் வெயில். கையில் யாழ். பின்னால் இளைத்துப்போன சுற்றம். பழுத்த மரம் தேடி அலைகிற பறவை மாதிரி அலைகிறான். அவனிடம் மற்றவன் சொல்கிறான்: முதலில் பயப்படாதே, இளந்திரையன் நாட்டில் வழிப்பறி கிடையாது. அடுத்து, ஒவ்வொரு நிலமாக, என்ன கிடைக்கும் என்று விவரிக்கிறான்.

வறண்ட காட்டில் எயினர் குடிசை. அங்கே பெண்கள் கடப்பாரை மாதிரியான கோலால் மண்ணைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்து, நில உரலில் குத்தி, உவர்நீரில் உலை வைத்து ஆக்கியிருப்பார்கள். உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் தருவார்கள். கொஞ்ச தூரம் போனால் அவர்களுடைய அரண். மேட்டு நிலத்தில் விளைந்த நெல்லின் சிவப்புச் சோறு, நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியல். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். அந்தத் தினைச்சோற்றுப் பருக்கை நண்டுக் குஞ்சு மாதிரி இருக்கும் என்கிறான். (யோசித்துப் பாருங்கள், சரியாகத்தான் இருக்கிறது.) முல்லை நிலத்து உழவர் வீட்டில் வரகுச்சோறும் அவரைப்பருப்புப் புழுக்கும். வயல் பக்கம் வந்துவிட்டால் வெள்ளைச் சோறும் வீட்டில் வளர்த்த கோழி வறுவலும். கரும்பாலை வழியாகப் போனால் சாறு. மீன் பிடிக்கும் வலைஞர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் வீட்டில் உயர்ந்த ரக நெல்லின் சோறு, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து, பசு வெண்ணெயில் வேகவைத்த மாதுளம் பிஞ்சு, தொட்டுக்கொள்ள மாவடு. துறைமுகப் பட்டினத்தில் குழியில் கட்டிக் கொழுக்க வைத்த பன்றியின் கறியும் கள்ளும்.

ஒவ்வொரு இடமும் முடியும்போது 'பெறுகுவிர்' என்று வரும். கிடைக்கும், போ. அவ்வளவுதான் ரெகமண்டேஷன்.

இன்றைக்கு ஒரு ஊருக்குப் போகுமுன் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோமே, அந்தப் பத்துப் பேரையும் இந்தப் பாணனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவன் தான் நடந்த வழியைச் சொல்கிறான். 'அங்க எல்லாம் சூப்பரா இருக்கும்' என்று மொட்டையாகச் சொல்வதில்லை. எந்த வீடு, என்ன அரிசி, கூட என்ன கறி, எந்த இலை என்று சொல்கிறான். அவனுக்கு இதில் கமிஷன் கிடையாது. (காஞ்சிபுரத்தில் வழிகாட்டுகிற எல்லோரையும் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. இட்லிக் கடை கேட்டவரைப் பட்டுக்கடை வாசலில் இறக்கிவிடுகிற புண்ணியவான்களும் உண்டு.) எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்கிறவன் கேட்கிறவனைப் போலவே பட்டினி கிடந்தவன். உடும்பையும் மாவடுவையும் ஒரே குரலில் சிபாரிசு செய்கிறான். ஒன்று மட்டம், ஒன்று உசத்தி என்கிற தொனி அவனிடம் இல்லை. எந்த வீட்டுக்கு நீ போகலாம், எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் அவன் சொல்லவில்லை.

இந்த அருமையான சாப்பாட்டுக் கையேடு நெடுங்காலம் ஓலைச்சுவடியில் கிடந்தது. உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்ட பிறகுதான் பரவலாகப் படிக்கக் கிடைத்தது.

சரி, இட்லிக்கு வருவோம். பாணன் கொடுத்த பட்டியலில் இட்லி இல்லை. இருக்கவும் முடியாது. உணவு வரலாற்று ஆசிரியர் கே.டி.அச்சயா தேடிப் பார்த்ததில், இட்லியின் முன்னோர் முதலில் தலைகாட்டுவது கன்னடத்தில். கி.பி.920 வாக்கில் சிவகோட்டியாச்சாரியார் எழுதிய 'வட்டாராதனே'யில் 'இட்டலிகே' வருகிறது. 1130 வாக்கில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாச'த்தில் 'இட்டரிகா'. இரண்டும் உளுந்துப் பண்டங்கள். அரிசி சேர்த்து, புளிக்க வைத்து, ஆவியில் வேகவைக்கிற இன்றைய இட்லி அதற்கப்புறம் வந்தது. அது இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று அச்சயா ஒரு ஊகம் சொன்னார். நம்மூர்க்காரர்கள் இன்னமும் அதற்காக அவரோடு சண்டை போடுகிறார்கள்.

காஞ்சிபுரம் இட்லியின் வீடு சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளி. பச்சரிசியும் உளுந்தும் ரவைப் பதத்துக்குக் கொரகொரவென்று அரைத்து, புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். அதனால்தான் அதற்குக் குடலை இட்லி என்று பெயர். பார்த்தால் இட்லி மாதிரியே இருக்காது. தூண் மாதிரி இருக்கும். துண்டு போட்டுத்தான் தருவார்கள்.

ஆகவே யாராவது உங்களுக்கு ஒரு கடையைச் சிபாரிசு செய்தால் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஹோட்டலில் டம்ளரிலோ கிண்ணத்திலோ ஊற்றி வேகவைத்திருப்பார்கள், அது தப்பில்லை. ஆனால் விண்டு பாருங்கள். மல்லிகைப்பூ மாதிரி மெத்தென்று இருந்தால் அது வேறு இட்லி, பெயர் மட்டும்தான் காஞ்சிபுரம். இது உதிர வேண்டும். மிளகு முழுசாகவோ பொடியாகவோ இல்லாமல் உடைத்த மிளகாகப் பல்லில் பட வேண்டும். சுக்கு தொண்டையில் தெரிய வேண்டும். இலையில் வெந்ததென்றால் மூக்குக்கு முதலிலேயே தெரிந்துவிடும். சாம்பார் ஊற்றித்தான் இறங்குகிறதென்றால், சிபாரிசு செய்தவர் காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். கோயில் பண்டம் நெடுநேரம் கெடாமல் இருக்கவும், தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் சாப்பிடவும் செய்யப்பட்டது. மிளகும் சுக்கும் அதற்குத்தான்.

கோயில் பிரசாதம் என்றால் பெருமாளுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது என்று நாம் நினைக்கிறோம். பழைய நாளில் கணக்கு அவ்வளவு எளிமை இல்லை. விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளைப் படித்தால் ஹோட்டல் ஸ்டோர் ரூம் நோட்டுப் புத்தகம் தோற்றுவிடும். இன்ன தளிகைக்கு அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, நெய் இவ்வளவு, மிளகு இவ்வளவு. தளிகைக்கு நிலமோ பணமோ கொடுத்தவருக்குப் பிரசாதத்தில் வழக்கமாக நாலில் ஒரு பங்கு. அதற்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. அந்தப் பங்கை அவர் சாப்பிடலாம், இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம், விற்கலாம். புண்ணியம் வேண்டியவர்கள், யாத்ரீகர்களுக்குச் சோறு போடும் இராமானுஜ கூடங்களுக்கு எழுதி வைத்தார்கள். வெளியூர்ப் பயணிக்கு அன்றைக்கு இதுதான் ஹோட்டல்.

எல்லாப் பயணிக்கும் அல்ல. இங்கேதான் ஆட்டோக்காரரின் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரம் இட்லியை ஊரின் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தலித் மக்கள், அது வேகிற கோயிலுக்குள் சட்டப்படி உரிமையோடு நுழைய முடிந்தது, 1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகுதான். தன் ஊர்ப் பெயரைத் தாங்கிய பண்டத்தைக் கோயிலுக்குள் போய் வாங்க, ஒரு மனிதன் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோயிலுக்கு வெளியே மட்டும் என்ன வாழ்ந்தது? ரயில் வந்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-லேயே பாதை போட்டாகிவிட்டது. ரயிலோடு கூட்டம் வந்தது, பிறகு காபி கிளப் வந்தது, கூடவே போர்டும் வந்தது. 'பிராமணாள்' என்று ஒரு போர்டு. சில இடங்களில் உள்ளேயே தடுப்பு, 'இதராள்' தனியாக. அந்த நாளில் ஒரு பயணி, "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டால், பதில் சொல்கிறவர் சமையலை யோசித்திருக்க மாட்டார். கேட்கிறவர் யார் என்பதைத்தான் முதலில் யோசித்திருப்பார். எந்தக் கடையில் நெய் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அப்புறம். எந்தக் கடையில் உட்கார விடுவார்கள் என்பதுதான் முதல் தகவல்.

இது சாப்பாட்டு விஷயம்தானே, பெரிய அரசியலா என்று கேட்காதீர்கள். சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரஸ் பணஉதவி பெற்ற அந்தத் தேசியப் பள்ளியில், பிராமணப் பையன்கள் சிலருக்குத் தனிப்பந்தி என்று தெரியவந்தபோது தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. ஒரு பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் சண்டை. அந்தக் கசப்பு ஆறுவதற்குள், 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸின் மாகாண மாநாடு கூடியது. திரு.வி.க. தலைமை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதும் ஈ.வெ.ரா. மாநாட்டை விட்டு வெளியேறினார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். 1941-ல் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த தனித்தனி ஏற்பாடு ஒழிந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற ஒரு வார்த்தையை அழிக்கச் சொல்லி மறியல் நடந்தது. தினம் தினம் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் வார்த்தை போயிற்று.

ஆட்டோக்காரர் பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். உங்களைத் தப்பான கடையில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறை. ஆனால் கேட்பதற்கு முன்னால் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாரே, அந்தப் பார்வைக்கு வயது அதிகம்.

பாணன் சொன்ன வழியைப் பாதியில் விட்டுவிட்டோம். வெஃகாவில் பாம்பணையில் படுத்திருக்கிற திருமாலைக் கும்பிட்டுவிட்டுக் காஞ்சிக்குள் போ என்கிறான். அரண்மனைக்குப் போனதும், கிழிந்த கந்தலை அவிழ்த்து எறியச் சொல்லி, புகை போல மெல்லிய துணி கொடுப்பார்களாம். ஊருக்குப் பட்டு வருவதற்கு வெகு காலம் முன்னாலேயே துணி விஷயத்தில் காஞ்சி காஞ்சிதான். பிறகு வானத்து நட்சத்திரங்கள் மாதிரிப் பாத்திரங்களைப் பரப்பி, பொறுக்கி எடுத்த அரிசிச் சோறும் விதவிதமான கறியும் பரிமாறுவார்கள். கூட வந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, ராஜாவே நின்று ஊட்டுவான் என்கிறான்.

இவ்வளவு தடபுடலிலும் அவன் கண் ஒரு இடத்தில் நின்றிருக்கிறது. அந்தக் கறியைச் சமைத்தவனின் கையில். அரிவாள் பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை என்று சொல்கிறான். ராஜாவின் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு நாடோடிப் பாட்டுக்காரன், சமையல்காரனின் கையைப் பார்த்திருக்கிறான், ஞாபகம் வைத்திருக்கிறான், வழியில் வந்தவனிடம் அதையும் சொல்லி அனுப்புகிறான்.

காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிட்டு முடித்து, காசு கொடுக்கப் போகும்போது, முடிந்தால் அடுப்படிப் பக்கம் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.